காற்று நின்ற வெக்கையில் இறைச்சிக்கோழி: 34 பாகையில் ஏன் சாகிறது?

பங்குனி பிறந்ததும் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப எச்சரிக்கைகள் செய்திகளில் வரத் தொடங்கும். வட மாகாணத்தின் பெயர் அவற்றில் அடிக்கடி இருக்கும். வெப்பச் சுட்டெண் 40ஐத் தொடும் என்று வாசித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய் வெப்பமானியைப் பார்த்தால் அது 33, 34 பாகைதான் காட்டுகிறது. ஆனால் அந்த 34 பாகையிலேயே, நல்ல தீன் கொடுத்து, தடுப்பு மருந்து தவறாமல் கொடுத்து வளர்த்த ஐந்து வாரக் கோழிகள் ஒரே பின்னேரத்தில் அடுத்தடுத்துச் சாகின்றன. இதே கோழிக்குக் குஞ்சுப் பருவத்தில் பல்ப் போட்டு 33 பாகை சூடு கொடுத்துத்தானே வளர்த்தோம், இப்போது மட்டும் அது எப்படி உயிரை எடுக்கும் என்ற கேள்வி நியாயமானது.

சுருக்கமான பதில் இது: வெளிவெப்பத்தை விட, கோழிக்குள்ளேயே உருவாகி வெளியேற வழியில்லாமல் தேங்கும் வெப்பம்தான் அதைக் கொல்கிறது. அது எதனால் தேங்குகிறது என்று தெரிந்தால், காசை எதில் போடுவது, எதில் போடாமல் விடுவது என்பதும் தெரியும். யாழ்ப்பாணத்து நிலைமையில் முதல் காசு காற்றோட்டத்துக்குப் போக வேண்டும். பொடிகளுக்கும் மருந்துகளுக்கும் கடைசியில் மிஞ்சுவது போதும்.

சுட்டெண் மனிதருக்கானது

வெப்பச் சுட்டெண் என்பது காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து, மனித உடம்பு அதை எத்தனை பாகையாக உணரும் என்று சொல்லும் எண். இது உயர்ந்தபட்ச வெப்பநிலைக்கான எதிர்வுகூறல் அல்ல என்று திணைக்களமே தன் அறிக்கையில் குறிப்பிடும். 34 பாகைக் காற்றில் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினால் சுட்டெண் 40ஐத் தாண்டிவிடும். ஆகவே வெப்பமானியும் பொய் சொல்லவில்லை, செய்தியும் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்ணை அப்படியே கோழிக்குப் பொருத்த முடியாது. மனிதர் வியர்வையால் குளிர்கிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. கோழி வளர்ப்பில் பல நாடுகளிலும் புழங்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வெப்பநிலையைப் பரனைற்றில் எடுத்து, அதோடு ஈரப்பதன் வீதத்தைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 160ஐத் தாண்டினால் கவனம் தேவை. 33 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 91 பரனைற். ஈரப்பதன் 75 என்றால் மொத்தம் 166. அது சிக்கலான எண்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. விடியற்காலையில் 26 பாகையும் 90 வீத ஈரப்பதனும் இருந்தாலும் கூட்டுத்தொகை 169 வரும், கோழியோ சுகமாகத்தான் இருக்கும். ஆகவே காற்று 30 பாகையைத் தாண்டிய நேரங்களில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். கொட்டிலுக்குள், கோழியின் தலை உயரத்தில், ஈரப்பதனும் காட்டும் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டால் இந்தக் கணக்குக்குத் தேவையான இரண்டு எண்ணும் கையில் கிடைத்துவிடும். வீட்டு விறாந்தையில் தொங்கும் வெப்பமானி கொட்டிலின் நிலைமையைச் சொல்லாது.

கோழிக்குள் எரியும் அடுப்பு

இறைச்சிக்கோழியின் உடல் வெப்பநிலை 41 பாகையை ஒட்டியது. 35 முதல் 42 நாளுக்குள் 40 கிராம் குஞ்சு 2 கிலோவாகிறது. இவ்வளவு வேகமாகத் தீனை இறைச்சியாக மாற்றும் உடம்பில் வெப்பமும் அதே வேகத்தில் உருவாகிறது. 2 கிலோக் கோழி ஒன்று ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தை இரவு பகலாக வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் கோழிகள் என்றால் 15 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் பதினைந்தைக் கொட்டிலுக்குள் வைத்து நிறுத்தாமல் ஓடவிட்டதற்குச் சமம்.

குஞ்சுக்கும் வளர்ந்த கோழிக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. குஞ்சின் உடம்பு சிறியது, எடையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு பெரியது, இறகும் இல்லை. உண்டாகும் கொஞ்ச வெப்பமும் உடனே வெளியே போய்விடுவதால் முதல் வாரத்தில் அதற்கு 32, 33 பாகை தேவைப்படுகிறது. ஐந்தாம் வாரத்தில் எல்லாம் தலைகீழ். உடம்பு பெரியது, இறகு அடர்த்தி, உள்ளே வெப்பம் ஏராளம். அந்த வயதில் அதற்கு வசதியான வெப்பநிலை 18 முதல் 24 பாகை. மார்கழி, தை மாத விடியற்காலைகளைத் தவிர யாழ்ப்பாணத்தில் அப்படியொரு காற்று அரிது. இங்கே வளரும் இறைச்சிக்கோழி தன் கடைசி இரண்டு வாரத்தையும் ஏதோ ஒரு அளவு வெப்ப நெருக்கடியில்தான் கழிக்கிறது. உயிரிழப்பு என்பது அந்த நெருக்கடி எல்லை மீறும் நாளில் நாம் காண்பது.

ஊர்க்கோழி ஏன் சாவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். அது மெதுவாக வளர்கிறது, ஆகவே உள்வெப்பம் குறைவு. கால் நீளம், தலையிலுள்ள பூ (கொண்டை) பெரிது. பூவும் தாடைக்குக் கீழே தொங்கும் சதையும் இரத்தத்தைக் குளிரவைக்கும் இடங்கள். நிழலைத் தேடிப் போகும் சுதந்திரமும் அதற்கு உண்டு. கழுத்தில் இறகில்லாத வகை இன்னும் நன்றாகத் தாங்கும்.

வெப்பம் வெளியேறும் வழிகள்

1. உடம்பிலிருந்து சுற்றியுள்ள குளிர்ந்த பரப்புகளுக்கு நேரடியாக வீசப்படும் வெப்பம். கூரைத் தகரம் கோழியை விடச் சூடாக இருந்தால் இது எதிர்த்திசையில் நடக்கும். கூரை கோழியைச் சுடும்.

2. காற்று உடம்பைத் தொட்டுக்கொண்டு போகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம். காற்று கோழியின் உடம்பை விடக் குளிராக இருக்கும் வரை இது வேலை செய்யும். 34 பாகைக் காற்று நமக்குச் சூடு. 41 பாகை உடம்புள்ள கோழிக்கு அது இன்னும் 7 பாகை குளிர்ந்த காற்று. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் சொல்லப்போகும் பல விடயங்கள் இதில்தான் தங்கியிருக்கின்றன.

3. தரையைத் தொட்டு இறங்கும் வெப்பம். கோழி உமியைக் கிளறிக் குழி பறித்துப் படுப்பது இதற்காகத்தான். உமி தடிப்பாகவும் பழசாகவும் இருந்தால் அதுவே நொதித்துச் சூடாகிவிடும், இந்த வழியும் அடைபடும்.

4. மூச்சு. வாயைப் பிளந்து வேகமாக மூச்சு வாங்கி, தொண்டையிலும் காற்றுப் பைகளிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவது.

வெயில் ஏற ஏற முதல் மூன்றும் தளர்ந்து நான்காவதே மிஞ்சுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 15 வாட் முழுவதையும் மூச்சால் மட்டுமே வெளியேற்ற வேண்டி வந்தால் ஒரு கோழி மணிக்கு 22 மில்லிலீற்றர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஆயிரம் கோழிகள் மணிக்கு 22 லீற்றர்.

அந்த 22 லீற்றரும் எங்கே போகிறது? கொட்டில் காற்றுக்குள். 33 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 36 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். ஈரப்பதன் 75 வீதம் என்றால் ஏற்கனவே 27 கிராம் இருக்கிறது, இன்னும் 9 கிராமுக்குத்தான் இடம். 22 லீற்றரையும் ஏற்க மணிக்கு 2400 கனமீற்றருக்கு மேல் புதுக்காற்று வேண்டும். ஆயிரம் சதுர அடி, சராசரி பத்தடி உயரக் கொட்டிலின் முழுக் காற்றும் மணிக்கு எட்டு ஒன்பது தடவை மாற வேண்டும் என்று அர்த்தம். அதுவும் காற்று முழுதாய் நிரம்பும் வரை விட்டுவைக்கும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இதைப்போலப் பல மடங்கு தேவை. காற்று நின்றுவிட்டால் கோழிகள் தங்கள் மூச்சாலேயே தங்கள் காற்றைப் பாழாக்கிவிடுகின்றன. நடுக்கொட்டிலில் உள்ளவை முதலில் விழுவதற்கும், ஓரத்துக் கம்பி வலையோடு நிற்பவை தப்புவதற்கும் இதுதான் காரணம்.

மூச்சு வாங்குவதற்குக் கோழி கொடுக்கும் விலை

சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு 30 தடவை போல மூச்சு விடும் கோழி, வெக்கையில் 150ஐயும் தாண்டும். அவ்வளவு வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய காபனீரொக்சைட்டும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகாபனேற்றை வெளியேற்றுகிறது, கூடவே பொற்றாசியமும் போகிறது. எச்சம் தண்ணீராவதைப் பார்த்து வயிற்றோட்டம் என்று நினைத்து அன்ரிபயோற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. வெக்கை நாளில் நீர் எச்சம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அதிகம் தண்ணீர் குடிப்பதும் இந்த உப்பு இழப்பும்தான்.

இன்னொன்று வெளியே தெரியாது. உடம்பு இரத்தத்தைத் தோல் பக்கம் திருப்புவதால் குடலுக்கு இரத்தம் குறைகிறது. குடற்சுவர் பலவீனமாகி, உள்ளே இருக்க வேண்டிய கிருமி இரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கிறது. வெக்கையான வாரம் முடிந்து மூன்று நான்கு நாளில் ஈ.கோலை போன்ற தொற்று தலைகாட்டுவது இதனால்தான்.

மூச்சு வாங்குவதே ஒரு தசை வேலை, அதுவும் வெப்பத்தை உண்டாக்கும். ஓர் எல்லைக்குப் பிறகு வெளியேற்றுவதை விட உண்டாக்குவது கூடிவிடும். உடல் வெப்பநிலை 46, 47 பாகையை எட்டினால் உயிர் தங்காது. இறகை விரித்து நிற்பது முதற்கட்டம். வாய் பிளந்து மூச்சு வாங்கித் தீனைத் தொடாமல் விடுவது இரண்டாவது. கழுத்தை நீட்டிக் காலைப் பரப்பிப் படுத்துவிட்டால் நேரம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இறப்பு வெப்பத்தாலா நோயாலா என்று பிரித்துப் பார்க்க நேரத்தைக் கவனியுங்கள். வெப்ப இறப்பு நண்பகலுக்குப் பின் தொடங்கி மாலை வரை நடக்கும், கொழுத்த பெரிய கோழிகளை முதலில் கொண்டுபோகும், காற்று குளிர்ந்ததும் நிற்கும். விடியற்காலையிலும் சாகிறது, சிறியதும் சாகிறது, மறுநாள் மேகமூட்டத்திலும் சாகிறது என்றால் அரச கால்நடை வைத்தியரிடம் உடனே கோழியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எந்த நாள் ஆபத்து?

மிகச் சூடான நாள்தான் மிக ஆபத்தான நாள் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே அப்படியல்ல. சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் இன்னும் எழுந்திருக்காது. பங்குனிக் கடைசியிலிருந்து சோளகம் பலமாக வீசத் தொடங்கும் வரை உள்ள அந்தக் காற்றில்லாத இடைவெளிதான் கோழிக்கு எமகண்டம். காண்டாவன (அக்கினி நட்சத்திர) வெயில் எரித்தாலும் சோளகம் நன்றாக வீசினால் கோழி தாக்குப்பிடிக்கும்.

அந்த இடைவெளியிலும் மிக மோசமானது இடிமழை பெய்து ஓய்ந்த பின்னேரம். மழைக்காகக் கொட்டிலின் பக்கங்களை மறைக்கும் படங்கை இறக்கியிருப்பார்கள். மழை அரை மணியில் நின்று வெயில் திரும்பி எறிக்கும். நிலத்திலிருந்து ஆவி எழும்பும், ஈரப்பதன் ஏறும், படங்கு இறங்கியபடியே கிடக்கும். மழை நின்றதும் படங்கை உயர்த்துவதுதான் அன்றைக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை.

இரவையும் மறக்கக்கூடாது. பகலில் தேங்கிய வெப்பத்தைக் கோழி இரவில்தான் இறக்கிவைக்கும். இங்கே சித்திரை, வைகாசி இரவுகள் 27 பாகையை ஒட்டியே நிற்கின்றன. அதற்கு மேல் நாய், மரநாய், கள்வர் பயத்தில் கொட்டிலை இரவு முழுக்க மூடிவைத்தால் கோழி முதல் நாள் மிச்ச வெப்பத்தோடே மறுநாள் வெயிலைச் சந்திக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் இறப்பு கூடுவதற்குக் காரணம் இதுதான். கம்பி வலையைப் பலப்படுத்திவிட்டு இரவில் திறந்து வைப்பதற்குச் செலவு கொஞ்சம், பலன் பெரிது.

கொட்டிலும் வளவும்

கொட்டிலின் நீளப்பாடு கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். அகலம் 30 அடிக்கு மேல் போனால் இயற்கைக் காற்று நடுவரை எட்டாது. தாழ்வாரம் மூன்று நான்கடி நீண்டிருக்க வேண்டும். இவை புதிதாகக் கட்டுபவருக்கு. கட்டி முடித்தவர்கள் பார்க்க வேண்டியது வளவு.

யாழ்ப்பாணத்து வளவுகளில் வேலி உயரமானது. பனையோலை வேலியாக இருந்தாலும் தகர வேலியாக இருந்தாலும் மதிலாக இருந்தாலும் ஆறடி உயரத்தில் காற்றை மறித்து நிற்கும். கொட்டிலின் தென்மேற்குப் பக்கத்தில் பத்தடி தள்ளி அப்படியொரு வேலி இருந்தால், சோளகம் கோழிக்கு மேலாலேயே போய்விடும். அந்தப் பக்க வேலியைக் கம்பி வலையாக மாற்றுவதும், அங்கே அடுக்கிய விறகையும் உரப்பைகளையும் அகற்றுவதும் ஒரு மின்விசிறி வாங்குவதை விடக் கூடுதலாக உதவும். பக்கச்சுவர் ஒரு அடிக்கு மேல் உயர்ந்திருந்தாலும் இதே சிக்கல்தான். காற்று நம் முகத்தில் படும், நிலத்தில் படுத்திருக்கும் கோழிக்குப் படாது. கோழி உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். அதை விட நல்ல சோதனை இல்லை.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் சிக்கலும் மாறும். தென்மராட்சித் தென்னங்காணிகளில் நிழல் தாராளம், ஆனால் காற்று மந்தம். தீவகத்தில் காற்றுக்குக் குறைவில்லை, கிணற்று நீரோ பல இடங்களில் உவர். வலிகாமத்துச் செம்மண் வெளிகளில் காற்றும் உண்டு, நல்ல தண்ணீரும் உண்டு, நிழல்தான் இல்லை. தனக்கு எது இல்லையோ அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, அடுத்த ஊரில் செய்ததை அப்படியே பார்த்துச் செய்தால் பலன் கிடைக்காது.

கூரைக்கு வருவோம். வெறும் தகரம் வெயிலில் தொட முடியாதபடி சுடும், அந்தச் சூடு நேரே கோழியின் முதுகில் இறங்கும். தகரத்துக்கு மேல் கிடுகோ பனையோலையோ பரப்பிக் கட்டுவது நல்ல பழைய வழி. காற்றுக்குப் பறக்காமல் கட்ட வேண்டும், தீக்கும் எலிக்கும் கவனம் வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது அதை விட மலிவு, வருடத்துக்கு ஒரு தடவை பங்குனிக்கு முன் அடித்தால் போதும்.

கோழிகளின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று விடுபவர்கள், சித்திரையில் எடைக்கு வரும் தொகுதியில் ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சதுர அடி விட வேண்டும். மாசிக் கடைசியில் குஞ்சு இறக்கும்போதே இதைத் தீர்மானிக்காவிட்டால் பிறகு செய்ய ஒன்றுமில்லை. குஞ்சும் தீனும் கம்பனி கொடுத்து, வளர்ந்த கோழியை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்த முறையில் எண்ணிக்கையை அவர்களே முடிவு செய்வது வழக்கம். இழப்பு வளர்ப்பவர் தலையில் விழுவதால், இந்த ஒரு விடயத்தில் வாய் திறந்து பேரம் பேசுவது அவருடைய உரிமை.

தண்ணீர் தெளிப்பது எப்போது உதவும், எப்போது கெடுக்கும்?

பலருடைய முதல் யோசனை கொட்டிலுக்குள் தண்ணீர் தெளிப்பது. இது உதவுமா என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை தீர்மானிக்கும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அது இறங்கி நிற்கும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. தண்ணீரை ஆவியாக்கி அதற்குக் கீழே காற்றைக் குளிரவைக்க முடியாது.

காற்று 35 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 26. ஒன்பது பாகை இறக்க இடமுண்டு. காற்று 33 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் ஈரக்குமிழ் 29. நான்கு பாகைக்குத்தான் இடம், அதுவும் முழுத் திறனோடு செய்தால். தெளிப்பதால் ஈரப்பதன் 90ஐத் தாண்டும், கோழியின் மூச்சுவழி பாதி அடைபடும், உமி நனைந்து அமோனியா கிளம்பும். அமெரிக்காவிலும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலும் வெற்றியாக ஓடும், நனைந்த திரை வழியாகக் காற்றை இழுத்துக் குளிரவைக்கும் ஈரத்திரைக் கொட்டில்களைப் பார்த்து இங்கே அப்படியே கட்ட நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். நமது சுண்ணக்கல் நீர் அந்தத் திரைகளில் உப்புப் படியச் செய்யும் என்பது இன்னொரு சிக்கல்.

ஆகவே விதி இது. காற்று ஓடிக்கொண்டிருந்தால், ஈரப்பதன் 60 வீதத்தை ஒட்டியோ குறைவாகவோ இருந்தால், மெல்லிய துளியாக இடைவெளி விட்டுத் தெளிக்கலாம். காற்று நின்றிருந்தால் கொட்டிலுக்குள் தெளிக்கவே கூடாது. கூரைக்கு மேல் தெளிப்பது வேறு கதை. ஈரம் உள்ளே வராது, தகரம் குளிரும். ஆனால் ஆவணி வரை கிணறு தாங்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்விசிறி காற்றின் திசையோடு ஒத்து, கோழியின் உயரத்தில் கிடையாக வீச வேண்டும். நொடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் காற்று தொட்டுச் சென்றால் வளர்ந்த கோழிக்கு நான்கைந்து பாகை குறைந்தது போல இருக்கும். முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு அதே காற்று குளிரில் விறைக்க வைக்கும், அங்கே வேண்டாம்.

குடிதண்ணீர்

சாதாரண நாளில் ஒரு கிலோ தீனுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் குடிக்கும் கோழி, வெக்கையில் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், தண்ணீர் குளிராக இருந்தால். கோபுரத்தில் வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியிலிருந்து நண்பகலில் வருவது சுடுநீர். கோழி அதைத் தொட்டுவிட்டு விலகிவிடும். குடிக்காத கோழிக்கு ஆவியாக்க ஈரம் ஏது?

தாங்கிக்கு நிழல் போடுங்கள், குழாயை மண்ணுக்குள் புதையுங்கள் அல்லது சாக்கால் சுற்றுங்கள். பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணிக்குக் குழாயில் நின்ற நீரைத் திறந்துவிட்டுக் கிணற்றிலிருந்து புதுநீர் ஏற்றுங்கள். கிணற்றிலிருந்து அப்போது இறைத்த நீர் தாங்கி நீரை விடப் பல பாகை குளிர்ந்தது. கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள்களில் சுண்ணாம்புப் படிவு அடைத்து நீர் சொட்டாக வருகிறதா என்று ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்க்க வேண்டும். பாத்திரங்களின் எண்ணிக்கையைக் கால்பங்கு கூட்டலாம்.

குடிநீரில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்துக்காகக் கோழியைத் தாகமாக வைப்பது வழமை. சித்திரையில் அதை விடியற்காலையில் மட்டும் செய்ய வேண்டும். பகலில் செய்வது உயிரோடு விளையாடுவது.

தீனின் நேரம்

செமிபாடு வெப்பத்தை உண்டாக்கும். தின்ற பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு அந்த வெப்பம் ஓடிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு, கொட்டில் மிகச் சூடாகும் இரண்டு மூன்று மணிக்குள் உள்வெப்பமும் உச்சத்தில் இருக்கும். ஒன்பது மணிக்குள் தீன் பாத்திரத்தை உயர்த்திவிட்டு மாலை ஐந்து மணிக்கு இறக்குங்கள். இரவில் விளக்கு வைத்து அதிகாலை இரண்டு முதல் நான்கு மணி வரை தின்னவிட்டால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். மாலையில் இறக்கும்போது எல்லாம் ஒரேயடியாக முண்டியடிக்கும், ஆகவே பாத்திரம் போதியளவு இருக்க வேண்டும். எடையில் கொஞ்சம் குறையும், சரி, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தீனைத் தானே கலப்பவர்கள் புரதத்தைக் கூட்டக்கூடாது, உள்ளதைச் சரியான அமினோ அமிலங்களால் சமப்படுத்த வேண்டும். சக்தியில் ஒரு பங்கை எண்ணெயிலிருந்து எடுத்தால் செமிபாட்டு வெப்பம் குறையும். பையில் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதில் நிகார்பசின் சேர்ந்திருக்கிறதா? இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் இந்த மருந்து, வெக்கையில் கோழியின் தாங்குதிறனைக் குறைத்து இறப்பைக் கூட்டும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். வெயில் மாதங்களில் அது இல்லாத தீன் வேண்டும்.

பொடிகளும் விற்றமினும்

உப்புக்கலவைப் பொடிகள் இழந்த பொற்றாசியத்தையும் சோடியத்தையும் திருப்பிக் கொடுக்கும், தண்ணீர் குடிக்கும் அளவையும் கூட்டும். விற்றமின் சீ தீனில் கிலோவுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை சேர்ப்பது வழக்கம். இரண்டுக்கும் ஓரளவு பயன் உண்டு. வெப்பம் ஏறுமுன் காலையிலேயே தொடங்க வேண்டும், கோழி சாயத் தொடங்கிய பின் கலக்குவதால் பலன் மிகக் குறைவு. விற்றமின் சீ தண்ணீரில் கலந்தால் சில மணி நேரத்தில் வலுவிழக்கும் என்பதால் புதிதாகக் கலக்க வேண்டும். தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்று நீரே உப்பாக இருக்கும் இடங்களில் உப்புக்கலவையைப் பொட்டலத்தில் சொன்னபடி போட்டால் உப்பு மிஞ்சிவிடும். தண்ணீரை ஒரு தடவை பரிசோதித்த பிறகே அளவைத் தீர்மானியுங்கள்.

மின்சாரம் போகும் நாள்

2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. கோழிக்கு மிக மோசமான காலம் தொடங்குவதும் அப்போதுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. முழுக்க மூடிய கொட்டிலில் மின்விசிறி நின்றால் பெரிய கோழிகள் மிகக் குறைந்த நேரத்தில் சாகும். ஆகவே ஜெனரேற்றர் இல்லாதவர் மூடிய கொட்டில் கட்டவே கூடாது. திறந்த கொட்டிலுக்கு, சூரியப் படலத்தில் (சோலர்) நேரடியாக ஓடும் சிறு விசிறிகள் பொருத்தமானவை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதே அவையும் வேகமாக ஓடும்.

கோழி சாயத் தொடங்கிய பின்னேரத்தில்

1. படங்கு, சாக்கு, கதவு எல்லாவற்றையும் திறவுங்கள். தீன் பாத்திரம் கீழே இருந்தால் உயர்த்துங்கள்.

2. கொட்டிலுக்குள் மெதுவாக, ஓசையில்லாமல் நடந்து கோழிகளை எழுப்புங்கள். படுத்த கோழியின் அடியிலும் இடுக்கிலும் சிக்கிய சூடு வெளியேறும். அரை மணிக்கு ஒரு தடவை போதும். துரத்தினால் எதிர்விளைவு.

3. குழாயில் நின்ற நீரை ஓடவிட்டுப் புது நீர் ஏற்றுங்கள்.

4. இருக்கும் விசிறிகளையெல்லாம், வீட்டிலுள்ளதையும் சேர்த்து, நடுக்கொட்டிலை நோக்கித் திருப்புங்கள். காற்று ஓடத் தொடங்கிய பிறகு கோழிகளின் மேல் நேரே கொஞ்சம் தண்ணீர் விசிறலாம். நனைந்த உடம்பில் காற்று படும்போதுதான் அது உயிர்காக்கும்.

5. சாய்ந்த கோழியைத் தூக்கி மரநிழலில் விட்டு, காலையும் பூவையும் நனையுங்கள்.

எடைக்கு வந்த தொகுதியை அன்றைய இரவிலேயே ஏற்றிவிடுவது பல நேரங்களில் சரியான முடிவு. ஏற்றுவது இரவில் அல்லது விடியுமுன் நடக்க வேண்டும், கூடைக்குள் எண்ணிக்கை குறைய வேண்டும். ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டிதான் கோழியைக் கொல்கிறது. தேநீருக்காகக் கூட வெயிலில் நிறுத்தக்கூடாது.

செத்த கோழியும் கிணறும்

தானாகச் செத்த கோழியின் இரத்தம் வடிந்திருக்காது, குடற்கிருமி தசைக்குப் பரவியிருக்கும். வெப்பத்தால்தானே செத்தது, நோய் இல்லையே என்று சொல்லி வெட்டி விற்பது குற்றத்துக்குச் சமம். உரிமையாளரின் நட்டம் பெரிதுதான், ஆனாலும் அதைச் சாப்பிடுபவர் தலையில் கட்ட முடியாது.

புதைப்பதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் பெரும்பகுதியில் மண் ஆழமில்லை, அடியில் சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் உண்டாக்கியவை அந்தக் கல்லில் கரைந்து உண்டான நிலக்கீழ் வழிகள்தான். கொட்டிலுக்குப் பின்னால் வெட்டிய குழியில் ஐந்நூறு கோழியைப் போட்டால், அழுகும் நீர் அந்த வழிகளால் யாருடைய கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை அதிகமென்றால் குழி வெட்டாமல் நிலமட்டத்துக்கு மேல் உக்கவைப்பது பாதுகாப்பானது. சீமெந்துத் தளத்தில், மழை படாத கூரைக்குக் கீழே, ஒரு அடி தடிப்புக்கு உமி அல்லது பழைய கொட்டில் கூளம் பரப்பி, மேலே ஒரு வரிசைக் கோழி, அதன்மேல் மறுபடி கூளம் என்று அடுக்க வேண்டும். ஓரங்களிலும் மேலேயும் ஒரு அடி கூளம் மூடியிருந்தால் நாயும் காகமும் கிளறாது, மணமும் அதிகம் வராது. உள்ளே 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான கிருமிகள் அழியும். சூடு இறங்கியதும் ஒரு தடவை புரட்டி, தேவைப்பட்டால் ஈரம் தெளித்து மறுபடி மூடிவிட வேண்டும்.